தலைப்பிரட்டைக் கரண்டி

வஸ்தி மசீக் ஓட்டும் பஸ்ஸில் எதை மறந்து வைத்துவிட்டு இறங்கினாலும் அது வீடு தேடி வந்துவிடும் என்பது சார்ல்ஸ்டன் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குடை, பல்செட், சம்பளக் கவர் எல்லாம் வந்திருக்கின்றன. ஒருமுறை யாரோ விட்டுப்போன ஒரு கூடை நண்டை, வேலை முடிந்து சீருடையோடே சுமந்துகொண்டு, கூடையில் கட்டியிருந்த துணியை வைத்து இன்னார் வீட்டுத் துணி என்று விசாரித்து, வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் ஒரு நண்டு அவள் விரலைக் கவ்வியிருந்தது. அதையும் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அவள் தம்பி எசேக்கியாவுக்கு இது போதும், வருஷம் முழுக்கக் கேலி செய்ய. மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன், வாய் ஓயாதவன். புத்தாண்டு அன்று குடும்பம் மொத்தமும் அக்கா வீட்டில் காராமணிச் சோற்றுக்கும் கீரைக்கும் கூடும்போது, அவன் தட்டை நீட்டிக்கொண்டே ஆரம்பிப்பான்.

"ஊரான் நண்டையெல்லாம் திருப்பிக் குடுத்திட்ட. இப்ப கையில வெச்சிருக்கியே, அந்தத் திருட்டுக் கரண்டியை எப்பக்கா திருப்பிக் குடுக்கப்போற?"

எல்லோரும் சிரிப்பார்கள். வஸ்தியும் சிரிப்பாள். ஆனால் சோறு பரிமாறும் கை ஒரு கணம் நிற்கும்.

கரண்டி வெள்ளி. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருக்கும். சார்ல்ஸ்டனின் பெரிய வீடுகளில் சோறு பரிமாறுவதற்கென்றே செய்து வைத்துக்கொண்ட வகை. காம்பின் அகன்ற முனையில் கொடிபோல் வளைந்த 'பி' என்ற ஆங்கில எழுத்து. பின்பக்கம், காம்பின் நடுவில், மிளகுகூடப் பெரிது என்னும்படி ஒரு சின்ன அச்சு. ஒரு உருண்டை, அதற்கு ஒரு வால். குழந்தைகள் அதைத் தலைப்பிரட்டை என்றார்கள். கரண்டிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அது வந்த கதை குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. வஸ்திக்கு ஐந்து தலைமுறை முந்தியவள் பைனா. பிராம்வெல் குடும்பத்தின் மாளிகையில் அடிமை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்த நாளில், இடுப்புத் துணிக்குள் இந்தக் கரண்டியைச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். 'பி' என்றால் பிராம்வெல். அவர்கள் உழைப்பைத் திருடினார்கள், இவள் ஒரு கரண்டியைத் திருடினாள், கணக்கு சரி என்று எசேக்கியா சொல்வான். மற்றவர்களும் அதைப் பெருமையாகவே சொன்னார்கள்.

வஸ்திக்குத்தான் அந்தப் பெருமை தொண்டைக்குள் இறங்கவில்லை. பைனா செய்தது தப்பென்று அவள் நினைக்கவில்லை. ஆனால் தன் வீட்டு அலமாரியில் இன்னொருவர் எழுத்துப் போட்ட பொருள் இருப்பது, செருப்புக்குள் மணல் போல அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வசந்தகாலத்தில், கணவன் இறந்து வீடு வெறிச்சோடிக் கிடந்த வருஷத்தில், அவள் யாரிடமும் சொல்லாமல் கரண்டியை ஒரு டர்க்கி டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பிராம்வெல் வீட்டுக்குப் போனாள். அங்கே மிச்சமிருந்தவர் கார்னீலியா பிராம்வெல் என்ற வயதான அம்மாள் மட்டும். கதவைத் திறந்தவர், பஸ் டிரைவர் சீருடையைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"நான் எதையும் பஸ்ல விட்டுட்டு வரலியேம்மா. நான் பஸ்ஸுல ஏறியே ரொம்ப வருஷமாச்சு."

"இது பஸ்ல கிடைச்சதில்லை மேடம்," என்றாள் வஸ்தி. "உங்க வீட்லேர்ந்து போனது. அறுபத்தஞ்சுல."

"அறுபத்தஞ்சுல நான் ஐரோப்பாவுல இருந்தேனே?"

"அதுக்கு முந்தின அறுபத்தஞ்சு மேடம். ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு."

அம்மாள் கதவை அகலத் திறந்தார். சாப்பாட்டு மேசையில் டவலைப் பிரித்ததும் கரண்டியைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரோரத்து இழுப்பறையைத் திறந்து தன் வீட்டுச் சோற்றுக் கரண்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதன் முகப்பில் கொம்பு விரித்த மான் தலை ஒன்று வெட்டியிருந்தது.

"எங்க வீட்டு வெள்ளி எல்லாத்துலயும் இந்த மான் இருக்கும். உப்புக் கரண்டிலகூட இருக்கும். எங்க மாமனார் இதுல ரொம்பக் கறார். எழுத்துப் போடறது வியாபாரிங்க பழக்கம்னு சொல்லுவார்." அவர் வஸ்தியை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ் மசீக், இது எங்களோடது இல்லை. எப்பவும் எங்களோடதா இருந்ததும் இல்லை."

வஸ்தி இரண்டு கரண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப யாரோடது மேடம்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா திருப்பிக் குடுக்கணும்னு ஒருத்தர் இத்தனை வருஷம் கழிச்சு என் வீட்டுப் படியேறி வந்தது, அதை நான் மறக்க மாட்டேன். உக்காருங்க. டீ போடறேன்."

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தாள். எசேக்கியா முதலில் கத்தினான்.

"திருப்பிக் குடுக்கப் போனியா? நெசமாவே போனியா? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிருச்சாக்கா?"

"அவங்க வேண்டாம்னுட்டாங்கடா. அவங்களுது இல்லையாம்."

மறுமுனையில் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப வேற வீட்ல திருடியிருக்கா," என்றான் கடைசியில். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் மரியாதையானவர். கண்ணில் லென்ஸைச் செருகிக் கரண்டியைப் புரட்டிப் பார்த்தார். வெள்ளி சுத்தமானது, பழைய காசை உருக்கிச் செய்தது, இந்த ஊர் வேலைப்பாடுதான், போருக்கு முந்தியது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"செஞ்சவர் முத்திரை இல்லையேம்மா. பட்டறை முதலாளி பேரு இங்க, காம்புக்குப் பின்னால இருக்கணும். அது இல்லாட்டி இது அநாதைப் பிள்ளை மாதிரி. யாரோடதுன்னு சொல்ல முடியாது."

"இந்தத் தலைப்பிரட்டை இருக்கே?"

"அது ஏதோ கருவி வழுக்கி விழுந்த தழும்பு. இதை மியூசியத்துல காட்டிப் பாருங்க. அங்க தியோடோரா விக்ஃபால்னு ஒரு பொண்ணு இருக்கு. கரண்டின்னா உசுரு அதுக்கு."

'பொண்ணு' என்று கடைக்காரர் சொன்னாலும் தியோடோரா நாற்பதைத் தொட்டவள். அருங்காட்சியகத்தின் வெள்ளிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவள். அவளும் இந்த ஊர்க்காரிதான், சிறுவயதில் வஸ்தியின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள். உள்ளே வந்தவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"மிஸ் வஸ்தி! என் கிளாரினெட்டைக் கொண்டுவந்து குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் வேணும்னேதான் விட்டுட்டு எறங்கினேன். அந்த மியூசிக் கிளாஸ் எனக்குப் புடிக்கவே புடிக்காது."

"அடிப் பாவி!"

சிரிப்பு அடங்கியதும் வஸ்தி டவலைப் பிரித்தாள். தியோடோரா கையுறை போட்டுக்கொண்டு கரண்டியை விளக்கடியில் பிடித்தாள். முதலில் முகப்பு, பிறகு கிண்ணப் பகுதி, பிறகு புரட்டிப் பின்பக்கம். அங்கே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். உள்ளே போய் நீல வெல்வெட் விரித்த தட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதில் கரண்டிகள் எல்லாம் குப்புறக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும், கட்டம் கட்டின எழுத்தில், 'ஈ. லாத்ராப்' என்ற முத்திரை.

"எட்வின் லாத்ராப். போருக்கு முன்னால இந்த ஊர்ல பெரிய பட்டறை வெச்சிருந்தவர். இதையெல்லாம் வரிசையாப் பாருங்க மிஸ் வஸ்தி. அவர் பேருக்குப் பக்கத்துல. லென்ஸ வெச்சுப் பாருங்க."

வஸ்தி பார்த்தாள். முதல் கரண்டியில், பெயரின் கடைசி எழுத்தை ஒட்டி, ஒதுங்கி நிற்பதுபோல் ஒரு தலைப்பிரட்டை. அடுத்ததில் கிண்ணத்தின் அடிவளைவில், தேடினால்தான் தெரியும்படி ஒன்று. அதற்கடுத்ததில் காம்பின் ஓரத்தில். எல்லாவற்றிலும் உருண்டையின் வலப்பக்கத்தில் ஒரே இடத்தில் ஒரு சின்ன மூளி. அவள் கரண்டியிலும் அதே மூளி. எல்லாம் ஒரே அச்சால் அடித்தவை.

"நான் இதைப் பட்டறைக்குள்ள வெச்சுக்கிட்ட ஏதோ அடையாளம்னு நெனச்சேன்," என்றாள் தியோடோரா. "எத்தனை வருஷமா இதைப் பாத்துட்டிருக்கேன்! லாத்ராப் பட்டறைல வேலை செஞ்சவங்க அடிமைங்க. அவங்க பேரு எதுலயும் இல்லை. இந்தப் புள்ளி ஒருத்தரோடதா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஆனா உங்க கரண்டியைப் பாருங்க. இதுல முதலாளி பேரே இல்லை. அவர் பேரு இருக்க வேண்டிய எடத்துல, நட்ட நடுவுல, நல்லா அழுத்தி, இந்த அச்சு மட்டும்."

அவள் கரண்டியை விரலால் லேசாகச் சுண்டினாள். சன்னமாக ஒலித்தது.

"எடையும் கம்மி. லாத்ராப் கரண்டியில பாதிதான் இருக்கும் வெள்ளி. காசு காசா சேத்து உருக்கி, போதாம தட்டித் தட்டி நீட்டியிருக்கார். தனக்குன்னு செஞ்ச கரண்டி இது. இல்லாட்டி தன்னைச் சேந்த ஒருத்தருக்கு."

"இது என்ன பூச்சிம்மா? தலைப்பிரட்டைதானா?"

"எழுத்து. வட்டத்துக்கு வால் வெச்சா க்யூ. ஆங்கிலத்துல அந்த எழுத்துல ஆரம்பிக்கிற ஆம்பளப் பேரு எத்தனை இருக்கும்? நம்ம ஜனங்க ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டுவந்த பேருங்கள்ல இருக்கு. குவாக்கோ, குவாஷ், குவாமினா. ஆனா இது ஊகம். அவரே தன் பேர முழுசா வெட்டின ஒரு பொருள் கிடைச்சாத்தான் சொல்ல முடியும். விடுதலைக்கு அப்பறம் செஞ்சிருக்கணும். அப்படி எதுவும் நான் பாத்ததில்லை."

வஸ்தியின் கட்டைவிரல் தன்னையறியாமல் கரண்டியின் 'பி' எழுத்துமேல் போய்க்கொண்டிருந்தது. வளைவின் வெளிப்பக்கத்தில் ஆழமாக ஒரு வெட்டு, பிறகு மெல்லிதாக இரண்டு, மறுபடி ஆழமாக ஒன்று. புத்தாண்டுக்குப் புத்தாண்டு இதைப் பிடித்திருக்கிறாள். ஆனால் இந்த மேடுபள்ளத்தை மாதம் தவறாமல் வேறெங்கோ தடவியிருக்கிறாள்.

"எங்க சபைத் திருவிருந்துக் கிண்ணம்," என்றாள். "அதோட விளிம்புல ஒரு கொடி சுத்தி வரும். துடைக்கிறது நான்தான். அந்தக் கொடியும் இப்படித்தாம்மா போகுது. ஒண்ணு ஆழமா, ரெண்டு லேசா."

மவுண்ட் ஹெர்மன் சபையில் பீடத்துக்குரிய துணிகளையும் பாத்திரங்களையும் கவனித்துக்கொள்ளும் பெண்களில் வஸ்தி மூத்தவள். அந்த வெள்ளிக் கிண்ணம் சபை தொடங்கிய காலத்தது. நகரத்தையே உலுக்கிய பழைய நிலநடுக்கத்தில் கூரை விழுந்து அதன் அடிப்பாகம் நசுங்கிப்போக, அந்தக் காலத்துப் பெரியவர்கள் இரும்புத் திருகு போட்டு ஒரு கனத்த மரப்பீடத்தில் அதைப் பொருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அதன் அடியைப் பார்த்தவர் உயிரோடு யாருமில்லை.

பாத்திரங்களின் சாவி அம்ப்ரோஸ் சீப்ரூக்கிடம் இருந்தது. சபையின் சொத்துக்குக் காவலர், ஓய்வுபெற்ற தபால்காரர், எதற்கும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார்.

"முடியாது," என்றார். "நம்ம பெரியவங்க போட்ட திருகு. நிலநடுக்கத்துக்கே அசையாத கிண்ணத்தை சிஸ்டர் வஸ்தி ஒரு ஸ்க்ரூடிரைவரோட வந்து அசைக்கப் போறாங்களாக்கும்?"

"நிலநடுக்கத்துலதான் பிரதர் அது நசுங்கிச்சு," என்றாள் வஸ்தி.

"அதுக்குத்தான் சொல்றேன். அது பட்ட பாடு போதும்."

"நாப்பது வருஷமா அதைத் துடைக்கிறேன். ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லுங்க."

அம்ப்ரோஸ் தாடையைச் சொறிந்தார். கீறல் விழவில்லைதான்.

"கழட்டறது நானா இருந்தா சரி," என்றார் கடைசியில். "ஆனா மொதல்ல ஒரு ஜெபம்."

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்தபின், பீடத்துக்கு முன்னால் நான்கு பேர் மட்டும் இருந்தார்கள்: வஸ்தி, தியோடோரா, எசேக்கியா, அம்ப்ரோஸ். ஜன்னல் வழியே மத்தியான வெயில் விழுந்துகொண்டிருந்தது. அம்ப்ரோஸ் நீளமாகவே ஜெபித்தார். எசேக்கியா தன் பட்டறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்திருந்தான். துருப்பிடித்த திருகுகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டான். கடைசித் திருகு வர மறுத்து முனகியது. பிறகு மரம் மெதுவாக விட்டுக்கொடுத்தது.

அடியில் கருத்துப்போன மெழுகு அப்பியிருந்தது. தியோடோரா வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மெழுகு விலக விலக, நசுங்கிய வெள்ளியின் மேல், வட்டமாக ஓடும் எழுத்துகள் வெளியே வந்தன. அவள் ஆரம்பம் எதுவென்று தேடினாள். பிறகு கிண்ணத்தை வஸ்தியின் பக்கம் திருப்பினாள்.

"நீங்க படிங்க மிஸ் வஸ்தி. இதைப் படிக்க வேண்டியது நான் இல்லை."

வஸ்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே, எழுத்துக்கூட்டும் குழந்தை போலப் படித்தாள்.

"என் மனைவி பைனாவின் நினைவாக... அவள் கணவன் குவாஷ்... தன் கையால் செய்தது."

'குவாஷ்' என்ற பெயரின் முதல் எழுத்து, பெரிதாக்கிய தலைப்பிரட்டை. 'பைனா' என்ற பெயரின் முதல் எழுத்து, கரண்டியில் கொடிபோல் வளைந்த அதே 'பி'. தியோடோரா கரண்டியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள். பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிராம்வெல்லும் இல்லை, வேறு எந்த மாளிகையும் இல்லை. 'பி' என்பது பைனா. வேறு வீட்டில் அடிமையாக இருந்த மனைவிக்கு, தானும் அடிமையாக இருந்த ஒருவன், சில்லறைக் காசை உருக்கி, பெரிய வீட்டு எஜமானிகள் வைத்திருக்கும் அதே கரண்டியைச் செய்து, அவள் பெயரை வெட்டிக் கொடுத்திருக்கிறான். படிக்கவும் எழுதவும் அவர்களுக்குத் தடை இருந்த காலம். ஊரிலுள்ள பணக்காரர்களின் பெயரையெல்லாம் வெட்டிப் பழகிய அந்தக் கை, சொந்தப் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மட்டும், யாருக்கும் எழுத்தென்று தெரியாத அளவில், வைத்துக்கொண்டிருந்தது. அவள் வாசலைத் தாண்டியபோது இடுப்பில் இருந்தது அவளுக்கே உரியது.

அம்ப்ரோஸ் தொப்பியை ஏற்கெனவே கழற்றியிருந்தார். இருந்தும் கை தலைக்குப் போய்த் தொப்பியைத் தேடியது. எசேக்கியா எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடியவில்லை.

"அவ திருடலைக்கா," என்றான்.

"இல்லைடா."

"அந்த மனுஷன்... அக்கா, இவர் நமக்குத் தாத்தா."

"ஆமாடா. நம்ம தாத்தா."

அதுவரை அவர்கள் குடும்பத்தில் பைனாவுக்கு முன்னால் யாருமில்லை, பக்கத்திலும் யாருமில்லை. அவள் கணவன் யாரென்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லிவந்தார்கள். வஸ்தி முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, நசுங்கிய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். தான் அழுகிறோம் என்பது அம்ப்ரோஸ் கைக்குட்டையை நீட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை காலம் மாதாமாதம் துடைத்து, எதிரே மண்டியிட்டுக் குடித்த கிண்ணம். சபையில் எத்தனை தலைமுறை உதடுகள் அதைத் தொட்டிருக்கின்றன. அத்தனை பேருக்கும் பைனாவின் நினைவாக குவாஷ் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

கிண்ணத்தை மறுபடி மரத்தில் பொருத்துவதா என்று சபையில் ஒரு மாதம் வாதம் நடந்தது. பொருத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. ஆனால் இந்த முறை அம்ப்ரோஸே முன்னின்று, அடியில் கண்ணாடி பதித்த பீடம் ஒன்றைச் செய்யச் சொன்னார். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அதை ஜனங்களுக்குத் தூக்கிக் காட்டும் உரிமையையும் தனக்கே எடுத்துக்கொண்டார்.

செய்தி பத்திரிகையில் வந்த அன்று கார்னீலியா பிராம்வெல் போன் செய்தார்.

"மிஸ் மசீக், நான் எங்க வீட்டு இழுப்பறை மொத்தத்தையும் கவுத்துப்போட்டு உக்காந்திருக்கேன். அன்னிக்கு மானைத்தான் காட்டினேன், பின்பக்கம் பாக்கவே இல்லை. இப்ப பாத்தா, லாத்ராப் பேருக்குப் பக்கத்துல உங்க தாத்தா நிக்கிறார். ஒண்ணுல இல்லை, எதை எடுத்தாலும் அதுல. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவர் கையில செஞ்ச கரண்டியிலதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேடம்," என்றாள் வஸ்தி. "ஒரு நாள் வந்து பாக்கறேன். எல்லாத்தையும் பாக்கணும் எனக்கு."

போய் ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். உப்புக் கரண்டியிலும் இருந்தார் குவாஷ்.

அருங்காட்சியகத்தில் நீல வெல்வெட் தட்டத்தின் சீட்டுகள் மாறின. 'எட்வின் லாத்ராப் பட்டறை' என்பதற்கு மேலே, 'செய்தவர்: குவாஷ்' என்று இப்போது இருக்கிறது. கரண்டியைத் தங்களுக்குத் தரும்படி அவர்கள் கேட்டார்கள். வஸ்தி கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சோறு பரிமாறச் செய்த கரண்டி இதற்குள் மூச்சுமுட்டிப் போகும் என்று மறுத்துவிட்டாள். தியோடோரா வற்புறுத்தவில்லை.

ஓய்வு பெற்றபின் வஸ்தி சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தின் முன்னறையில் ஒரு மேசை போட்டு உட்கார ஆரம்பித்தாள். அவளைத் தேடி, டவலிலும் தலையணை உறையிலும் பழைய வெள்ளியைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல்தான் திரும்புவார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும், குப்புறத் திருப்பி விளக்கடியில் பிடிக்கும் நொடியில் அவள் கட்டைவிரல் தானாகவே காம்பின் நடுவைத் தேடும்.

சென்ற இலையுதிர்காலத்தில் போஃபர்ட் பக்கத்துத் தீவிலிருந்து இறால் பிடிக்கும் ஒருவர் சூப்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் முதலாளியின் பெயர் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, நகத்தால் கீறினாற்போல், மீன்முள் மாதிரி ஒரு சின்னக் கோடு. தியோடோராவைக் கூப்பிட்டாள். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுவரை இதைக் கண்டதில்லை என்று தலையசைத்தாள்.

வந்தவர் கரண்டியை எடுத்துச் சுற்றப்போனார். வஸ்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உக்காருங்க தம்பி," என்றாள். "உங்க குடும்பம் எந்தச் சபைக்குப் போகுது?"